வெறும் திரை என்று நான் எழுதிய சுவர்

1

நான் ஒரு முட்டாள். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அச்சில் ஆதாரம் இருக்கிறது. வழவழப்பான தாள், வண்ணப்படம், பக்கத்தின் மேல் மூலையில் சிரித்துக்கொண்டிருக்கும் என் முகம். முகத்துக்குக் கீழே ‘கட்டடக்கலை வல்லுநர், கனடா’ என்று போட்டிருக்கிறார்கள். இதில் கனடா மட்டும்தான் உண்மை.

வின்னிப்பெக் நகரத்தில் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். பழைய கட்டடங்களின் வரைபடங்கள் சுருள் சுருளாக வரும். அவற்றை நீவி, தூசி தட்டி, அகலமான ஓர் இயந்திரத்தின் வாயில் கொடுப்பேன். அது படமெடுத்துவிட்டு மறுபக்கம் துப்பும். அடுத்த சுருளை எடுப்பேன். இதுதான் உத்தியோகம். ஆரணிக்குப் போகும்போது கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், “பில்டிங் சம்பந்தமா இருக்கேன்” என்பேன். பொய் இல்லை. தபால்காரர்கூட எழுத்து சம்பந்தமாகத்தான் இருக்கிறார்.

என் அக்காவின் கணவர் தணிகாசலம் மாமா போன வருடம் காலமானார். ஆரணி, சேவூர் சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் ‘இன்ஜினியர் சார்’ என்றால் அவர்தான். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு, சேவூர் பக்கம் இருக்கும் நெசவாளர் பொதுக்கூடத்தின் நிர்வாகிகள் ஒரு மலர் போட்டார்கள். அந்தக் கூடம்தான் மாமாவின் பேர் சொல்லும் கட்டடம். மைத்துனன் வேறு, வெளிநாட்டு வல்லுநர் வேறு, என்னை விடுவார்களா? கட்டுரை கேட்டார்கள். உருகி உருகி எழுதினேன்.

அதில் ஒரு வாக்கியம்: ‘கூடத்தின் முழு பாரத்தையும் வெளித் தாழ்வாரத்தின் தூண்களே தாங்குகின்றன, ஜன்னல்களுக்கு இடையில் உள்ள சுவர் வெறும் திரை.’

படிக்க நன்றாக இருக்கிறது இல்லையா? எழுதும்போதும் நன்றாகத்தான் இருந்தது.

2

அந்தக் கூடத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டவுன் பஸ் வளைகிற இடத்தில் நெல்வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீளமாகப் படுத்திருக்கும். ஜன்னல்கள் எல்லாம் முழங்கால் உயரத்தில் தொடங்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கட்டடம் பாதி பூமிக்குள் இறங்கிவிட்ட மாதிரி தோன்றும். “இன்ஜினியர் ஜன்னல தலைகீழா அளந்துட்டாரு” என்று திறப்பு விழாவிலேயே சிரித்தார்கள்.

உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும். குழித்தறியில் நெய்கிறவர்கள் தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டிருப்பார்கள். நீளவாக்கு நூலான பாவு அவர்கள் மடிக்கு நேராக ஓடும். வீட்டு ஜன்னல் உயரத்தில் வெளிச்சம் வந்தால் அது அவர்கள் தலையைத் தாண்டி எதிர்ச்சுவருக்குப் போய்விடும். இங்கே பட்டு நூலின் மேல் விழுகிறது. கூடத்துக்குள் தூணே கிடையாது. தெருவில் நீட்டிப் போட்டுச் செய்கிற பாவு வேலையை, மழை வந்தால் உள்ளேயே செய்துகொள்ளலாம்.

இதையெல்லாம் கட்டுரையில் விவரித்துவிட்டு, மாமாவின் மூளையில் மின்னலாக உதித்த யோசனைகள் என்று எழுதினேன்.

மின்னல் எப்படி உதித்தது என்பதை நான் நேரில் பார்த்தவன். காலேஜ் படிக்கும்போது ஆரணியில் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்கா கோமதியும் மாமாவும் ஒரே பாலிடெக்னிக்கில், ஒரே வகுப்பில் சிவில் படித்தவர்கள். இன்ஜினியராகப் பதிவு செய்யும்போது “ஒரு வீட்டுக்கு ஒரு சீலு போதும்” என்று அவர் பெயரில் மட்டும் செய்தார்கள். வரைபலகை முன்னறையில் இருந்தது. அதன் மேல் குனிந்திருந்தது அக்கா. மாமா சாயந்திரம் வேலை நடக்கும் இடத்திலிருந்து வருவார். மண் எப்படி, கொத்தனார் என்ன சண்டை, வீட்டுக்காரர் என்ன ஆசைப்படுகிறார் என்று பேசிக்கொண்டே இருப்பார். அக்கா வரைந்துகொண்டே இருப்பாள். நடுவில் பென்சிலை நிறுத்தி, “இந்த பீமு எங்க போயி உக்காரும்?” என்பாள். மாமா தலையைச் சொறிந்துகொண்டு காபி போடப் போவார்.

ஆமாம், காபி போட்டது மாமா. என் கட்டுரையில் அக்காவுக்கு ஒரு வரி கொடுத்திருக்கிறேன்: ‘இரவு பகல் பாராமல் காபி போட்டுக் கொடுத்து ஊக்கமளித்த துணைவியார்.’ அக்காவுக்குக் காபி போடவே வராது.

கூடம் கட்டும் முன் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு ராணி வீட்டுக்குப் போனாள். ராணி அப்போதே நன்றாக நெய்கிறவள் என்று பெயர் எடுத்தவள். அக்கா தறி பக்கத்தில் நின்று டேப்பை நீட்டினாள்.

“இன்னாக்கா, மேல நின்னுகினே அளந்தா எப்டி? எறங்கி உக்காரு.”

அக்கா புடவையைச் சுருட்டிக்கொண்டு குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தாள்.

“இப்ப சொல்லு, நூலு தெரியுதா?”

“இருட்டா கீதுடி.”

“அதான். எங்களுக்கு டெய்லி அதான்.”

ராணி உட்கார்ந்தபடியே கையை நீட்டி, சுவரில் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தாள். “ஜன்னலு இங்க ஆரம்பிக்கட்டும்.” கூடத்தின் ஜன்னல் உயரம் அந்தக் கோடுதான். தூண் வேண்டாம் என்று சொன்னதும் அவளும், பாவு இழை பிணைக்கிற மற்ற பெண்களும்தான். அப்படியென்றால் கூரை எதன் மேல் நிற்கும் என்று ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டது அக்கா. சாக்கட்டி வாங்கி வந்தது நான். வரலாற்றில் என் பங்கு அவ்வளவுதான்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் எழுதவில்லை? மறக்கவில்லை. நினைவு மலர் என்றால் அட்டையில் ஒரு முகம்தான் இருக்கும். அந்த முகத்துக்கு எழுத உட்கார்ந்தால் கை தானாக அப்படியே எழுதிக்கொண்டு போகிறது. மாமாவும் எதையும் மறைத்தவர் இல்லை. யார் என்ன கேட்டாலும் “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்பார். பொண்டாட்டிக்குப் பயந்தவர் என்று ஊர் நினைத்துக்கொண்டது. எதைக் கேட்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

3

போன வாரம் ஒரு சாயந்திரம், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே விடிந்திருக்கும். அக்கா வீடியோவில் வந்தாள். எடுத்தவுடனே கேட்டாள்.

“பாபு, இன்னாடா எழுதி வெச்சே?”

“எதுலக்கா?”

“எதுலயா? மலர்ல.”

“வந்து ஒரு மாசம் ஆவுதே, நீ படிக்கலயா?”

“அவுரு போட்டோவப் பாத்தேன். மூடி வெச்சிட்டேன். இப்ப ஏழுமலை எனக்கே படிச்சிக் காட்றான்.”

ஏழுமலை அந்தப் பக்கத்து காண்ட்ராக்டர். விஷயம் இதுதான். வரப்போகிற நினைவு நாளன்று கூடத்தில் மாமாவின் படத்தைத் திறக்கப் போகிறார்கள். கூடவே ரோட்டைப் பார்த்த மாதிரி புதிதாக ஒரு பெரிய வாசலும் வைத்து, அதற்கு ‘இன்ஜினியர் தணிகாசலம் வாயில்’ என்று பெயர் சூட்டப் போகிறார்கள். பெயர்ப்பலகை வந்து இறங்கிவிட்டது. இரண்டு ஜன்னல்களையும், நடுவில் இருக்கும் தடித்த சுவரையும் அறுத்து எடுத்தால் வாசல் தயார். கல்யாண சீசன் ஆர்டர் இருப்பதால் தறிகள் நிற்காது. உள்ளே பெண்கள் நெய்துகொண்டே இருப்பார்கள். வெளியே சுவரை அறுப்பார்கள்.

“அந்தச் செவுத்து மேலதான்டா கூரையத் தாங்கற பீமு உக்காந்துகினு கீது. தாழ்வாரத்துத் தூணு தாழ்வாரத்து ஓட்டுக் கூரையத் தாங்குது, அவ்ளோதான். கூடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது.”

“நீ சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லாம இருப்பனா? ‘நீங்க வூட்ல போயி உக்காருங்கம்மா, தூசி ஒங்களுக்கு ஒத்துக்காது’ன்றான். பிளான எடுத்துகினு போயி காட்னேன். ‘இதுல சார் கையெழுத்து கீது, கேக்கறதுக்கு சாரே இல்லயே’ன்றான். அப்பறம் ஒன் புக்க எடுத்து நீட்றான். ‘ஒங்க தம்பியே எழுதிகீறாரு, ஃபாரின்ல பெரிய ஆளு’ன்னு.”

எனக்குச் சங்கடம் வந்தால் ஜோக் அடிக்கிற வியாதி உண்டு. “என் எழுத்தை ஒருத்தன் கடைசி வரைக்கும் படிச்சிருக்கான், சந்தோஷப்படுக்கா” என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. கேமராவைத் திருப்பினாள். கூடத்துக்குள்தான் நின்றுகொண்டிருந்தாள். வாசலுக்குக் குறித்த இடத்தில், சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பெரிய கட்டம் போட்டிருந்தார்கள். ஓரமாக அறுத்துப் பார்த்து வேலை ஆரம்பித்தும் விட்டார்கள்.

பக்கத்துத் தறியிலிருந்து ராணியின் குரல் கேட்டது. “பாபு தம்பியா? இங்க வந்து பாரு. நேத்து கயிறு முறுக்கி இறுக்கிக் கட்டிட்டுப் போனேன். காத்தால வந்தா பாவு தொய்ஞ்சி கெடக்குது.”

பாவை இழுத்துப் பிடிக்கிற கயிற்றை அந்தச் சுவரில் இருக்கும் வளையத்தில்தான் கட்டுவார்கள். கயிறு அவிழவில்லை. முடிச்சு இருந்த இடத்திலேயே இருந்தது.

“குளிரு காத்துக்கு நூலு அப்டித்தான்னு சொல்றாங்க ஆம்பளைங்க,” என்றாள் ராணி. “எனக்குத் தெரியாத நூலாப்பா?”

4

இந்தக் கதைக்கு நடுவில் என் வீட்டு ஜன்னல் கதையையும் சொல்ல வேண்டும். என் மகள் நிலாவுக்கு நிலவறையில் ஓர் அறை இருக்கிறது. அதன் ஜன்னல் சின்னது. தீப்பிடித்தால் ஏறித் தப்பிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று இங்கே சட்டம். பெரிதாக்கலாம் என்று நகராட்சிக்குப் போனேன். படிவம் கொடுத்தார்கள். பொறியாளர் முத்திரை கேட்டார்கள். முத்திரையோடு போனால், ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கேட்டார்கள். ‘பக்கத்து வீட்டை’ என்று எழுதினேன். திசையை எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அது முடிந்து, ஓர் ஆய்வாளர் வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, எனக்குச் சுத்தியலைத் தொடும் உரிமை இல்லை என்று அன்பாக விளக்கிவிட்டுப் போனார். என் வீட்டில் ஒரு சாண் சுவரை எடுக்க எனக்கு அருகதை இல்லை. உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு கூரையின் காலை வெட்ட என் கட்டுரையே அனுமதிச் சீட்டு.

நிலா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறாள். எங்கள் இருவருக்கும் இடையில் இப்போது பேச்சு குறைவு. சாப்பாட்டுக்கும் கார் சாவிக்கும் மட்டும் தமிழ். மற்றதெல்லாம் இங்கிலீஷ், அதுவும் பாதி தோளைக் குலுக்குவதில் முடிந்துவிடும். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அக்கா பேசிய மறுநாள், மனசு சரியில்லாமல் நான் கட்டுரையை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அதுவும் என் முட்டாள்தனங்களில் ஒன்று.

“அப்பா, இதுல அத்தை எங்க?”

“வந்தாங்களே, காபி…”

“அத்தைக்குக் காபி போட வராது. அத்தையே சொல்லிருக்காங்க.” பிறகு கேட்டாள், “நடுவுல பில்லர் இல்லன்னு நீங்களே எழுதிருக்கீங்க. அப்போ ரூஃப் எது மேல நிக்குது? வராண்டா பில்லர் வெளிய இல்ல இருக்கு? வால் மேலதானே?”

என் கட்டுரையில் முன் பத்தியும் பின் பத்தியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதை நான் கவனிக்கவே இல்லை.

அவள் போனை எடுத்துக் காட்டினாள். அத்தையும் மருமகளும் எனக்குத் தெரியாமல் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி. அக்கா கையால் வரைந்த படங்கள் நிறைய இருந்தன. அந்தக் கூடமும் இருந்தது. சுவரில் ராணி இழுத்த சாக்கட்டிக் கோடுகூட இருந்தது; பக்கத்தில் ராணியின் பெயரை அக்கா எழுதியிருந்தாள். கணவனும் மனைவியும் சேர்ந்து கட்டி, கணவன் பெயர் மட்டும் நின்றுபோன கட்டடங்களைப் பற்றித்தான் நிலா இந்தப் பருவத்துக்குக் கட்டுரை எழுதுகிறாளாம். எங்கெங்கோ உள்ள உதாரணங்களைத் தேடியிருக்கிறாள். ஆரணி உதாரணத்தை நான் மலரில் அச்சடித்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு பழைய நூலகத்தின் வரைபடம் வந்தது. கீழே பெரிய எழுத்தில் கட்டடக் கலைஞரின் பெயர். மூலையில் எறும்பு அளவு எழுத்தில் வேறொருவரின் தலைப்பெழுத்துகள். எத்தனையோ சுருள்களில் இந்த மாதிரி எறும்புகளைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து மேசை லிண்டாவிடம் இது யார் என்று கேட்டேன். “வரைந்த பெண்ணாக இருக்கும். இல்லையென்றால் மனைவி. சில சமயம் இரண்டும் ஒருவரே,” என்றாள். கணினியில் நான் நிரப்புகிற படிவத்தில் ‘உருவாக்கியவர்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. இத்தனை வருடமும் அதில் பெரிய எழுத்தைத்தான் ஏற்றியிருக்கிறேன். கனடாவிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

5

கூடத்தின் தலைவருக்குப் போன் போட்டேன். பட்டு வியாபாரி, நல்ல மனிதர்.

“கோமதியம்மா சொல்றாங்கதான். இல்லன்னு சொல்லல,” என்றார். “சார் போனதுலேர்ந்து அவுங்க மனசு ஒரு நெலயில இல்ல பாபு. அந்தச் செவுத்துல சாரப் பாக்கறாங்க. எங்களுக்குப் புரியுது. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்.”

“சார், நான் எழுதினது தப்பு. அந்தச் சுவர்தான் தாங்குது.”

அவர் பரிவோடு சொன்னார்: “அக்காவுக்காகச் சொல்றீங்க. பாசம் இருக்க வேண்டியதுதான்.”

ஏழுமலை இன்னும் உற்சாகமாக இருந்தான். “இன்னாணா நீங்களே பேஜார் பண்றீங்க? அவ்ளோ டீட்டெய்லா எழுதிட்டு இப்ப இல்லன்றீங்க. அச்சுல வந்தது பொய்யாவுமா? ஜல்தியா முடிச்சிடலாம்ணா. வாசலு சூப்பரா வரும், நீங்க வந்து பாருங்க.”

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்ன பொய்யை ஒருவன் என்னிடமிருந்தே காப்பாற்றினான்.

அன்று சாயந்திரம் அக்கா மறுபடி வீடியோவில் வந்தாள். சுவரும் பீமும் சேருகிற இடத்தில் மெல்லிசாக ஒரு விரிசல் ஓடியது. அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றை சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தாள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி சொல்லிவிடும்; மாமாவும் அவளும் பழைய வீடுகளைப் பார்க்கப் போனால் செய்கிற வேலை அது.

கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

“எப்ப ஒட்டுன?”

“நேத்து.”

ராணி பாவின் மேல் விரலால் தடவி, கேமராவுக்கு நேராகக் காட்டினாள். மாம்பழ மஞ்சள் பட்டின் மேல் செம்மண் நிறத்தில் மெல்லிய பொடி இருந்தது. பக்கத்து ஜன்னல் கதவை ஒரு பெண் மூடிப் பார்த்தாள். சட்டத்தில் மாட்டிக்கொண்டு மூட மறுத்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மெஷின் ஓடுகிற சத்தம் என் சமையலறை வரைக்கும் கேட்டது.

“அறுக்கறது அறுக்கட்டும்னா, அதுக்கு முன்னாடி பீமுக்கு அடியில முட்டு குடுக்கணும்,” என்றாள் அக்கா. “சவுக்குக் கட்டை போதும். அதுகூட வெக்கல. செவுரு வெறும் திரைன்னா முட்டு எதுக்குன்றான்.”

6

சனிக்கிழமை காலையில் நானே ஒரு வீடியோ எடுத்தேன். நிலாதான் போனைப் பிடித்தாள். மலரை விரித்து என் படத்தைக் காட்டினேன். பிறகு நான் வேலை செய்கிற இயந்திரத்தின் படத்தைக் காட்டினேன். “இதுக்குப் பேப்பர் ஊட்டறதுதான் என் வேலை. எனக்குக் கட்டடம் தெரியாது. அந்தக் கூடத்தைக் கணக்குப் போட்டு வரைஞ்சது கோமதி அக்கா. ஜன்னல் உயரம் குறிச்சது ராணி. சுவர் தாங்கலன்னு நான் எழுதினது முழுப் பொய். அதைத் தொடாதீங்க,” என்றேன். இரண்டு தடவை நாக்குக் குழறியது. நிலா அதை வெட்டவில்லை. “அப்படியே இருக்கட்டும்பா,” என்றாள்.

கூடத்தின் வாட்ஸப் குழுவில் போட்டேன். அங்கே சாயந்திரம். முதலில் ஒருவர் கை கூப்பினார். இன்னொருவர் விழுந்து விழுந்து சிரிக்கிற முகம் போட்டார். என் வழக்கமான தமாஷ் என்று நினைத்திருப்பார். மூன்றாவது ஆள் ரோஜாப்பூ வைத்து குட் ஈவினிங் சொன்னார்.

கடைசியில் ஏழுமலை கூப்பிட்டான். குரலில் பழைய உற்சாகம் இல்லை.

“அண்ணா, மெய்யாலுமே சொல்றீங்களா?”

“மெய்யாலுமேடா.”

“மெஷின நிறுத்திட்டேன்ணா. ஆனா பாதி அறுத்தாச்சு.” மூச்சு வாங்கினான். “மேலேருந்து ஒரு சத்தம் வந்துச்சு. அதுக்குத்தான் நிறுத்துனேன். இப்ப இன்னா பண்றது?”

“அக்காவக் கேளு.”

“அவுங்க மூஞ்ச எப்டிணா பாக்கறது? நாளைக்கு ஞாயித்துக்கெழம, ஆளு வேற வரமாட்டான். திங்கக்கெழம பாத்துக்கலாமா?”

“அக்காவப் போய்க் கேளுடா,” என்று கத்திவிட்டு வைத்தேன்.

ராணி ஒரு படம் அனுப்பினாள். பெண்கள் கயிற்றை அவிழ்த்து, பாவுகளைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். ரோட்டோரத்தில் நின்று எல்லோரும் கூடத்தையே பார்க்கிறார்கள். அந்த முழங்கால் உயர ஜன்னல்களுக்குள் இருட்டு. அறுபட்ட சுவரில் மாமாவின் பெயர்ப்பலகை சாய்ந்து நிற்கிறது. படத்தின் ஓரத்தில், தாழ்வாரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, கூரையை அண்ணாந்து பார்த்தபடி அக்கா உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவு பேர் இருந்தும் ஒரு கட்டைகூட நட்டபாடில்லை.

எனக்கு உண்மையைச் சொல்லிவிட்ட பெருமை கொஞ்சம் இருந்தது; மறைக்க மாட்டேன். தவறை முழுசாகத் திருத்திவிட வேண்டும் என்று வேகம் வந்தது. அக்காவுக்கு நீளமாக ஒரு செய்தி தட்டினேன். மலருக்கு மறுப்புக் கட்டுரை எழுதுகிறேன், பலகையை மாற்றச் சொல்கிறேன், ராணி பெயரையும் அதில் சேர்க்கச் சொல்கிறேன் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டேன்: ‘பலகையில் உன் பேரு முதலில் வரட்டுமா, மாமா பேரு முதலில் வரட்டுமா?’

படித்துவிட்டாள். தட்டிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி தட்டினாள்.

‘மொதல்ல முட்டு குடுக்கச் சொல்லுடா.’